நோபுயோ ஓயாமா

நோபுயோ ஓயாமா (அக்டோபர் 16, 1933 – செப்டம்பர் 29, 2024) ஜப்பானைச் சேர்ந்த நடிகையும் குரல் நடிகையும் ஆவார். டோரேமான் என்னும் அனிமே தொடரில் வரும் நீல நிற இயந்திரப் பூனைக்கு 1979 முதல் 2005 வரை 26 ஆண்டுகள் குரல் கொடுத்தவர் இவரே. ஜப்பானில் அந்த ஆண்டுகளில் வளர்ந்த எவருக்கும் டோரேமான் என்றால் இவரது கரகரப்பான குரலே நினைவுக்கு வரும். டோரேமான் இந்தியாவில் மொழிமாற்றம் செய்யப்பட்டே ஒளிபரப்பானதால், அப்பாத்திரத்தை நன்கு அறிந்த தமிழ்ச் சிறுவர்கள்கூட ஓயாமாவின் குரலைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

இளமையும் குரலும்

ஓயாமா டோக்கியோ நகரின் ஷிபுயா பகுதியில் பிறந்தார். சிறு வயதிலிருந்தே இவரது குரல் மற்றச் சிறுமியரின் குரலைப் போல இல்லை. அது தாழ்ந்தும் சற்று அடைத்தும் ஒலித்தது. பள்ளியில் உடன் பயின்றோர் அதைக் கேலி செய்தனர். இதனால் ஒரு கட்டத்தில் வகுப்பில் வாய் திறப்பதையே இவர் தவிர்க்கத் தொடங்கினார். இதனைக் கண்ட தாயார், ஓர் உறுப்பு பலவீனமாக இருக்கிறது என்று அதைப் பயன்படுத்தாமல் பாதுகாத்தால் அது மேலும் பலவீனமாகும், ஆகவே குரலை ஒளித்து வைக்காமல் நிறையப் பயன்படுத்த வேண்டும் என்று அறிவுரை கூறியதாக ஓயாமா பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். அந்த அறிவுரையை ஏற்று இவர் சேர்ந்தது பள்ளியின் ஒலிபரப்புக் குழு. குரலை மட்டுமே பிறர் கேட்கும் இடத்தை, குரலுக்காகக் கேலி செய்யப்பட்ட மாணவி தேர்ந்தெடுத்தார்.

மீத்தா உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்த பின்னர், ஹையூசா நாடகக் குழு நடத்திய நடிப்புப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானில் மேடைக்கும் திரைக்கும் பல நடிகர்களை உருவாக்கிய பள்ளி அது. 1956இல் தொலைக்காட்சி நாடகம் ஒன்றின் வழியாக நடிகையாக அறிமுகமானார்.

ஜப்பானில் குரல் நடிப்பு

ஓயாமாவின் பணியைப் புரிந்துகொள்ள, ஜப்பானில் குரல் நடிப்பு ஒரு தனித் தொழிலாக வளர்ந்த விதத்தைச் சிறிது அறிதல் வேண்டும். குரல் நடிகர் ஜப்பானிய மொழியில் செய்யூ எனப்படுவார். 1950களில் தொலைக்காட்சி அங்கு பரவத் தொடங்கியபோது, பெரிய திரைப்பட நிறுவனங்கள் அதனைப் போட்டியாகக் கருதித் தம் படங்களையும் நடிகர்களையும் தர மறுத்தன. ஒளிபரப்பு நேரத்தை நிரப்ப அமெரிக்கத் தொடர்கள் இறக்குமதி செய்யப்பட்டன. அவற்றுக்கு ஜப்பானிய மொழியில் குரல் கொடுக்க வானொலி நாடக நடிகர்களும், வருவாய் குறைந்த மேடை நடிகர்களும் அழைக்கப்பட்டனர். முதலில் இப்பணி நேரலையிலேயே நடந்தது. அதாவது, படம் வீட்டுத் திரைகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடிகர்கள் நிலையத்தில் அமர்ந்து வசனங்களைப் பேசினர். தவறினால் திருத்த வழியில்லை.

ஓயாமா இத்துறையில் நுழைந்தது இக்காலத்தில்தான். லாஸி என்னும் நாயைப் பற்றிய அமெரிக்கத் தொடரின் ஜப்பானிய வடிவத்தில் 1957இல் சிறுவன் ஒருவனுக்குக் குரல் கொடுத்தார்.

வளர்ந்த பெண்கள் சிறுவர்களுக்குக் குரல் கொடுப்பது அங்கு இன்றும் வழக்கமாக உள்ளது. இதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. சிறுவர்களை இரவு நேரத்தில் பணியில் அமர்த்தச் சட்டம் இடம் தருவதில்லை. மேலும், சிறுவனின் குரல் சில ஆண்டுகளில் உடைந்துவிடும். ஆனால் தொடரில் வரும் பாத்திரத்துக்கு வயது ஏறாது. 1963இல் ஒளிபரப்பான அஸ்ட்ரோ பாய் தொடரில் அணுச் சிறுவனுக்குக் குரல் கொடுத்தவரும் மாரி ஷிமிசு என்னும் பெண்ணே. பள்ளிச் சிறுமிக்குப் பொருந்தாதது என்று கேலிக்குள்ளான ஓயாமாவின் தாழ்ந்த குரல், குறும்புக்காரச் சிறுவர்களுக்கு மிகவும் பொருத்தமாக அமைந்தது.

தொடக்க காலப் பாத்திரங்கள்

ஓயாமாவைச் சிறுவர்களிடையே பரவலாக அறியச் செய்தது 1960 முதல் 1967 வரை என்.எச்.கே. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பூ ஃபூ ஊ என்னும் பொம்மை நாடகம் ஆகும். மூன்று பன்றிக்குட்டிகளின் கதையைத் தொடர்ந்து எழுதப்பட்ட இந்நாடகத்தில், எப்போதும் முணுமுணுக்கும் மூத்த குட்டியான பூவுக்கு இவர் குரல் கொடுத்தார். கடைக்குட்டியான ஊவுக்குக் குரல் கொடுத்தவர் தெத்சுகோ குரோயாநாகி. தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுப் பலராலும் வாசிக்கப்படும் டோட்டோ-சான் நூலின் ஆசிரியர் இவரே. 1964இல் ஓயாமா நடிகர் கெய்சுகே சகாவாவைத் திருமணம் செய்துகொண்டார்.

1966இல் தொடங்கிய ஹாரிசு நோ கசே தொடரில் முரட்டு மாணவன் குனிமட்சுவாகவும், 1969இல் தொடங்கிய சசாயே-சான் தொடரில் குறும்புத் தம்பி கட்சுவோவாகவும் இவர் நடித்தார். சசாயே-சான் உலகில் மிக நீண்ட காலம் ஒளிபரப்பாகி வரும் அசைவூட்டத் தொடராகும். அதில் கட்சுவோவின் முதல் குரல் ஓயாமாவுடையது என்றாலும், சில மாதங்களிலேயே அப்பாத்திரம் வேறொரு நடிகைக்கு மாறியது. 1972இல் ஹசேடொன் என்னும் தொடரில் கதைத் தலைவனான மீன்குஞ்சுக்குக் குரல் கொடுத்தார்.

இக்காலத்துப் பணிகளுள் தனித்துக் கூற வேண்டியது 1977இல் வெளிவந்த சம்பாட் 3. பின்னர் குண்டம் தொடரை உருவாக்கிய யோஷியுகி தொமினோ இதன் இயக்குநர். பெரிய இயந்திர மனிதனைச் செலுத்தி அயலுலகப் படைகளோடு போரிடும் காப்பெய் என்னும் சிறுவன் இதன் நாயகன். பொம்மை விற்பனைக்காக எடுக்கப்படும் தொடர்களில் அதுவரை காணாத அளவுக்கு இதில் இழப்புகள் காட்டப்பட்டன. காப்பாற்றப்படும் மக்களே நாயகனின் குடும்பத்தை வெறுக்கின்றனர்; உடலுக்குள் குண்டு வைக்கப்பட்ட மனிதர்கள் வெடித்துச் சிதறுகின்றனர்; இறுதியில் காப்பெய்யின் உறவினர் பலரும் மடிகின்றனர். குறும்பு, கோபம், அழுகை ஆகிய மூன்றையும் ஒரே சிறுவனின் குரலில் ஓயாமா தாங்கிச் சென்றார். டோரேமானை மட்டும் அறிந்தவர்கள் இத்தொடரைக் கேட்டால் வியப்படைவர்.

டோரேமான்

டோரேமான், ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்னும் புனைபெயர் கொண்ட ஹிரோஷி ஃபுஜிமோட்டோ வரைந்த மங்கா ஆகும். 1969ஆம் ஆண்டின் இறுதியில் சிறுவர் இதழ்களில் வெளிவரத் தொடங்கியது. படிப்பிலும் விளையாட்டிலும் பின்தங்கிய நோபிதா என்னும் சிறுவனுக்கு உதவ, 22ஆம் நூற்றாண்டிலிருந்து அவனது வருங்காலச் சந்ததியினர் ஒரு பூனை வடிவ ரோபோவை அனுப்பி வைக்கின்றனர். அதன் வயிற்றுப் பையில் எண்ணற்ற வியப்பூட்டும் கருவிகள் உள்ளன. கருவி கிடைத்ததும் நோபிதா அதைத் தவறாகப் பயன்படுத்தி மாட்டிக்கொள்வான் என்பதே பெரும்பாலான கதைகளின் அமைப்பு.

இக்கதை முதன்முதலில் 1973இல் தொலைக்காட்சிக்கு வந்தது. அப்போது டோரேமானுக்குக் குரல் கொடுத்தவர் கோசெய் தொமிதா என்னும் ஆண் நடிகர். பாதி வழியில் அவருக்குப் பதிலாக மசாகோ நொசாவா வந்தார். பிற்காலத்தில் டிராகன் பால் தொடரில் கோக்குவாகப் புகழ்பெற்றவர் இவர். ஆறு மாதங்களில் தொடர் முடிவுற்றது. தயாரித்த நிறுவனமும் கலைந்தது. ஓர் ஆண், ஒரு பெண் என இரு குரல்களைக் கண்டும் பாத்திரத்துக்கு நிலையான ஒரு குரல் அமையவில்லை எனலாம்.

ஷின்-எய் அனிமேஷன் நிறுவனம் இதனை மீண்டும் எடுத்தபோது ஓயாமா தேர்வானார். தொலைக்காட்சி அசாகியில் ஏப்ரல் 2, 1979 அன்று ஒளிபரப்பு தொடங்கியது. அப்போது இவருக்கு வயது 45. (இதே வாரத்தில்தான் குண்டம் தொடரும் தொடங்கியது, அனிமே வரலாற்றில் இது ஒரு வளமான வாரம்.) நோபிதாவாக நொரிகோ ஒஹாரா, ஷிசுகாவாக மிசிகோ நொமுரா, சுனியோவாக கானேத்தா கிமொட்சுகி, ஜையானாக கசுயா தத்தேகாபே ஆகியோர் நடித்தனர். 1973ஆம் ஆண்டுத் தொடரில் முரடன் ஜையானுக்குக் குரல் கொடுத்த கிமொட்சுகி, இதில் அவனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் சுனியோவாக மாறினார்.

பாத்திரத்தின் பேச்சு

ஓயாமா டோரேமானுக்குச் செய்த பங்களிப்பு குரலோடு நின்றுவிடவில்லை. அப்பாத்திரம் எவ்வாறு பேச வேண்டும் என்பதையும் பெருமளவு அவரே வகுத்தார். பதிவுக்கு முன் மங்கா நூல்களைப் படித்த ஓயாமா, டோரேமான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்காக உருவாக்கப்பட்ட ரோபோ என்பதைக் கவனித்தார். அத்தகைய ரோபோவுக்கு அதை உருவாக்கியவர்கள் கெட்ட சொற்களைக் கற்பித்திருக்க மாட்டார்கள் அல்லவா என்பது அவரது வாதம். இது எளிமையான வாதம்தான். ஆனால் கதையின் உள்விதியிலிருந்தே எழுந்தது. இதன்படி வசனங்களில் இருந்த முரட்டுச் சொற்களை மென்மையாக்கினார். முதல் அறிமுகத்தில் டோரேமான் பணிவாக வணக்கம் கூறித் தன் பெயரைச் சொல்வதும் அவரது விருப்பப்படி அமைந்ததே. சிறுவர்கள் கேட்டுப் பின்பற்றுவார்கள் என்பதால் மற்றப் பாத்திரங்களின் வசைச் சொற்களையும் குறைக்க வேண்டும் என்று சக நடிகர்களிடமும் அவர் வலியுறுத்தினார்.

இதன் நுட்பத்தை அறிய ஜப்பானிய மொழியின் ஓர் இயல்பைக் கூற வேண்டும். தமிழில் அரசனும் ஆண்டியும் தம்மை நான் என்றே குறிப்பர். ஜப்பானிய மொழியில் தன்மைச் சொற்கள் பல. பேசுபவரின் வயது, பால், பணிவு, முரட்டுத்தனம் ஆகியவற்றுக்கேற்ப அவை மாறும். ஓயாமாவின் டோரேமான் தன்னை போக்கு என்று குறிப்பிடும். இது நல்ல முறையில் வளர்க்கப்பட்ட சிறுவன் பயன்படுத்தும் சொல். ஜையானோ ஓரே என்னும் முரட்டுச் சொல்லைப் பயன்படுத்துவான். ஒரே சொல்லில் பாத்திரத்தின் வளர்ப்பு முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது. தமிழ் மொழிமாற்றத்தில் இவ்வேறுபாட்டைக் கொண்டுவர வழியில்லை. அங்கே தொனி ஒன்றையே நம்ப வேண்டும்.

பையிலிருந்து கருவியை எடுத்து அதன் பெயரை நீட்டி முழக்கிச் சொல்லும் பாணி ஓயாமாவின் மற்றொரு முத்திரை. தலையில் பொருத்திப் பறக்கும் விசிறியான தாக்கேகாப்டரின் பெயரை அவர் இசைபோல் ஏற்றி இறக்கிக் கூறுவார். தொடக்கப் பாடலின் நடுவிலும் பாடகியின் குரலுக்கு இடையே இந்த அறிவிப்பு இடம்பெற்றது. பலகுரல் கலைஞர்கள் முதல் பள்ளிச் சிறுவர்கள் வரை ஜப்பானில் பலரும் இதைப் போலச் செய்து காட்டினர். ஓயாமா இதற்கெனப் பெரிதாகக் குரலை மாற்றிக்கொள்ளவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. டோரேமானின் குரல் அவரது இயல்பான குரலுக்கு மிக அருகிலேயே இருந்தது.

கதையைப் படைத்த ஃபுஜிமோட்டோ இக்குரலை எவ்வாறு ஏற்பார் என்ற கவலை ஓயாமாவுக்கு இருந்தது. அவரைச் சந்தித்தபோது இது பற்றிக் கேட்டதாகவும், டோரேமானின் குரல் இப்படித்தான் இருக்கும் என்று தாமே இப்போதுதான் அறிந்துகொண்டது போல அவர் பதிலளித்ததாகவும் ஓயாமா கூறியுள்ளார். பத்து ஆண்டுகளாக அப்பாத்திரத்தைத் தாளில் வரைந்து வந்த ஒருவரிடமிருந்து வந்த இப்பதிலை ஓயாமா வாழ்நாள் முழுதும் போற்றினார்.

பதிவு முறை

ஜப்பானிய அனிமேயில் பொதுவாகப் படம் முதலில் உருவாகும். குரல் பின்னர் சேர்க்கப்படும். இதற்கு அஃபுரெக்கோ என்று பெயர். நடிகர்கள் அனைவரும் ஒரே அறையில் கூடுவர். திரையில் படம் ஓடும். சில ஒலிவாங்கிகளே இருக்கும் என்பதால், தம் வசனம் வரும்போது ஒவ்வொருவரும் எழுந்து சென்று பேசிவிட்டுச் சத்தமின்றி விலக வேண்டும். கையில் உள்ள வசனத்தாளைப் புரட்டும் ஓசைகூடப் பதிவாகக் கூடாது. கால அவகாசம் குறைந்தால் முழுமை பெறாத, வெறும் கோட்டோவியங்களைப் பார்த்தே வாயசைவைக் கணித்துப் பேச நேரிடும்.

தனித்தனியே பதிவு செய்து பின்னர் ஒட்டும் முறையைவிட இதில் ஒரு நன்மை உண்டு. ஒருவர் பேச்சுக்கு மற்றவர் உண்மையாகவே செவிமடுத்துப் பதில் கூற முடிகிறது. நோபிதாவின் அழுகைக்கும் டோரேமானின் சலிப்புக்கும் இடையே தொடரில் உணரப்படும் நெருக்கம், ஒஹாராவும் ஓயாமாவும் 26 ஆண்டுகள் வாரந்தோறும் ஒரே அறையில் நின்று பேசியதால் விளைந்தது. முக்கிய நடிகர்கள் ஐவரும் இக்காலம் முழுவதும் மாறவில்லை. இத்தகைய நிலைத்தன்மை ஜப்பானிலும் அரிதே.

தொடர் முதலில் பத்து நிமிட நிகழ்ச்சியாக நாள்தோறும் வந்தது. 1981இல் வெள்ளிக்கிழமை மாலைக்கு மாறியது. 1,700க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. 1980இல் வெளிவந்த நோபிதாவின் டைனோசர் முதல் 2004 வரை ஆண்டுக்கு ஒன்றாக 25 முழுநீளத் திரைப்படங்களும் வெளிவந்தன. இவை அனைத்திலும் டோரேமானின் குரல் ஓயாமாவுடையதே. 1996இல் ஃபுஜிமோட்டோ தமது 62ஆம் வயதில் காலமானார். படைத்தவர் மறைந்த பின்னரும் பாத்திரம் தொடர்ந்தது.

குரல் மாற்றம்

2001இல் ஓயாமாவுக்கு மலக்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டு அறுவை சிகிச்சை நடைபெற்றது. பாத்திரத்திலிருந்து விலகுவது பற்றி அவர் எண்ணத் தொடங்கியது இக்காலத்தில்தான். மற்ற நடிகர்களும் முதுமையை எட்டியிருந்தனர். தொடரின் 25ஆம் ஆண்டு நிறைவையொட்டி நடிகர்கள் ஐவரும் ஒருசேர விலகுவர் என்று 2004 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. பழைய குழுவின் கடைசி நிகழ்ச்சி மார்ச் 18, 2005 அன்று ஒளிபரப்பானது. ஓயாமாவுக்கு அப்போது வயது 71.

ஏப்ரல் 15, 2005 முதல் வசாபி மிசுதா டோரேமானானார். நோபிதாவாக மெகுமி ஓஹாரா வந்தார். முந்தைய நோபிதாவான நொரிகோ ஒஹாராவின் பெயரும் தமிழில் ஏறத்தாழ ஒன்றுபோல் ஒலித்தாலும் இருவரது குடும்பப் பெயர்களும் வெவ்வேறு. ஜையானாகத் தேர்வான சுபாரு கிமுராவுக்கு அப்போது வயது 14 மட்டுமே.

குரல் மாற்றத்தைப் பலர் எளிதில் ஏற்கவில்லை. முகம் மாறாமல், உடல் மாறாமல், வீடும் தெருவும் மாறாமல் ஒரு பாத்திரம் ஒரே வாரத்தில் அயலாக ஒலிக்கத் தொடங்குவது விந்தையான அனுபவம். நடிகர் மாறும்போது முகமும் மாறும் திரைப்படங்களில் இவ்வளவு குழப்பம் எழுவதில்லை. எனினும், 2005க்குப் பின் பிறந்த தலைமுறைக்கு மிசுதாவின் குரலே டோரேமானின் இயல்பான குரலாக அமைந்துவிட்டது.

2006இல் ஓயாமா தமது அனுபவங்களை ஒரு நூலாக வெளியிட்டார். அதன் தலைப்பின் பொருள், நான் டோரேமானாக இருந்தேன் என்பதாகும். தொடரில் தாம் ஆயிரக்கணக்கான முறை சொன்ன அறிமுக வாக்கியத்தை இறந்த காலத்துக்கு மாற்றி அவர் தலைப்பாக வைத்தார். தன்மைச் சொல்லாக அதிலும் போக்கு என்பதையே பயன்படுத்தியிருந்தார்.

பிற பணிகள்

ஓயாமா எழுத்திலும் ஈடுபாடு கொண்டவர். 1970களில் புகழ்பெற்ற காவல்துறைத் தொடரான தையோ நி ஹோஎரோவுக்குக் கதைவசனம் எழுதியுள்ளார். மதுவுடன் உண்ணும் சிற்றுணவுகள் பற்றி 1981இல் இவர் எழுதிய சமையல் நூல் மிக நன்றாக விற்பனையானது. பந்தால் செங்கற்களை உடைக்கும் அர்க்கனாய்டு என்னும் காணொளி விளையாட்டில் இவர் வியக்கத்தக்க தேர்ச்சி பெற்றிருந்தார் என்பது விளையாட்டு ஆர்வலர்களிடையே புகழ்பெற்ற செய்தி. 2007இல் டோக்கியோவில் ஒலித்துறைத் தொழிற்பயிற்சிக் கல்லூரி ஒன்றின் முதல்வராகப் பொறுப்பேற்றார்.

மொனோகுமா

2008இல் மூளை இரத்தக்குழாய் அடைப்பால் ஓயாமா பாதிக்கப்பட்டார். அதிலிருந்து மீண்டு வந்த பின் அவர் ஏற்ற முக்கியப் பாத்திரம், 2010இல் வெளிவந்த தங்கன்ரொன்பா என்னும் காணொளி விளையாட்டில் வரும் மொனோகுமா. பாதி வெள்ளை, பாதி கறுப்பு நிறமுள்ள பொம்மைக் கரடி இது. பள்ளி ஒன்றில் மாணவர்களை அடைத்து வைத்து, ஒருவரை ஒருவர் கொலை செய்தால்தான் வெளியேற முடியும் என்று சட்டம் விதிக்கும் தலைமையாசிரியர். குழந்தைகளிடம் கெட்ட சொல் பேசக் கூடாது என்று வசனத்தைத் திருத்திய அதே குரல், இங்கே அதே இனிமையோடு கொலைக்குத் தூண்டியது. இவ்விளையாட்டை ஆடிய இளைஞர்கள் டோரேமானைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பதால் அச்சம் பன்மடங்காயிற்று. ஓயாமாவின் பிற்காலப் பணிகளில் இதுவே தலைசிறந்தது.

2012இல் இதன் இரண்டாம் பாகமும், 2013இல் அனிமே வடிவமும் வெளிவந்தன. இரண்டிலும் இவரே நடித்தார். 2016இல் வெளிவந்த அடுத்த அனிமேயில் மொனோகுமாவின் குரல் தராக்கோ என்னும் நடிகைக்கு மாறியது.

நோயும் மறைவும்

அம்மாற்றத்துக்கான காரணம் அதற்கு முந்தைய ஆண்டே தெரியவந்திருந்தது. ஓயாமாவுக்கு அல்சைமர் வகை மறதிநோய் 2012இல் கண்டறியப்பட்டதாக அவரது கணவர் சகாவா 2015 மே மாதம் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் வெளிப்படுத்தினார். அதாவது, 2013ஆம் ஆண்டுத் தொடரில் மொனோகுமாவாகப் பேசியபோது நோய் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. சகாவா அதே ஆண்டில் மனைவியைப் பராமரித்த அனுபவங்களை நூலாகவும் எழுதினார். தாம் டோரேமானாக நடித்ததையும் ஓயாமா மறந்துவிட்டார் என்ற செய்தி அப்போது ஜப்பானில் பலரையும் உலுக்கியது. புகழ்பெற்ற ஒருவரின் மறதிநோயைக் குடும்பத்தினர் வெளிப்படையாகப் பேசியது, அதே நிலையில் உறவினரைப் பராமரித்து வந்த பல குடும்பங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

சகாவாவின் உடல்நிலையும் விரைவில் குன்றியது. புற்றுநோயால் பாதிக்கப்பட்ட அவர் 2016இல் மனைவியை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார். 2017 ஜூலையில், தமது 80ஆம் வயதில், மனைவிக்கு முன்பாகவே காலமானார்.

டோரேமான் குழுவிலும் மறைவுகள் நேர்ந்தன. ஜையானின் குரலான தத்தேகாபே 2015இலும், சுனியோவின் குரலான கிமொட்சுகி 2016இலும் மறைந்தனர். நோபிதாவின் குரலான நொரிகோ ஒஹாரா ஜூலை 12, 2024 அன்று காலமானார். பதினொரு வாரங்களுக்குப் பின், செப்டம்பர் 29, 2024 அன்று ஓயாமா முதுமை காரணமாக உயிர் நீத்தார். அவருக்கு வயது 90. செய்தி அக்டோபர் 11 அன்று வெளியிடப்பட்டது.